ஈரம் காயாத கோடுகள்

மசக்காளி முப்பத்தெட்டு என்று சொல்லியிருந்தான். சரியாக முப்பத்தெட்டே கிடந்தது.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். சொன்னது பலித்தால் மனுஷன் சந்தோஷப்படத்தான் செய்வான். ஆனால் பன்னிரண்டு வருஷம் பாறையோடு மல்லுக்கட்டினவனுக்குத் தெரியும், கல் அப்படிச் சொன்ன பேச்சு கேட்கிற சாதி இல்லை. வெடி வைத்தால் உடையும். எப்படி உடையும் என்பது அதன் இஷ்டம். நாற்பது என்று சொன்னால் முப்பத்தைந்து வரும், நாற்பத்தெட்டு வரும். ஐந்து முன்னே பின்னே இருந்தால் கெட்டிக்காரன் என்பார்கள். மேட்டூர் அணைக்குக் கல் உடைத்த இடத்தில் தலை நரைத்த மேஸ்திரிகளோடு எல்லாம் அவன் வேலை செய்திருக்கிறான். ஒருத்தன்கூட ஒரு நாளும் சரியாகச் சொன்னதில்லை.

அணை வேலை முடிந்த பிறகு அவன் வந்து சேர்ந்தது மதுக்கரைக்குத் தெற்கே, சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற இந்தக் குழிக்கு. தோண்ட ஆரம்பித்து இரண்டு வருஷம்தான். அதற்குள் ஒரு பனை ஆழம் இறங்கிவிட்டது. கல்லை அரைக்கிற மிஷினுக்கு வாய் ஒன்றரை முழம். அதற்குள் நுழையாத கல் எல்லாம் குண்டு. குண்டு ஒன்று தப்பி உள்ளே போனால் மிஷினின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், அன்றைய வேலை போச்சு. அதனால் தீ வைப்பதற்கு முன்னால், இன்றைக்கு எத்தனை குண்டு விழும் என்று வெடிமேஸ்திரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓவர்சியர் அதைப் பலகையில் சாக்கட்டியால் எழுதுவார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் சம்மட்டி ஆட்களைப் பிரிப்பார்கள்.

எண் ஒன்றும் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. முதல் நாள் பொழுதோடு பாறை முகப்பு நெடுகிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லுவான். காலையில் வந்து பார்த்தால் மேலெல்லாம் காய்ந்து வெளுத்திருக்கும்; உள்ளே வெடிப்பு ஓடுகிற இடத்தில் மட்டும் ஈரம் காயாமல் கறுத்த கோடாக நிற்கும். அந்தக் கோடுகளைப் பார்த்து, சின்னச் சுத்தியலால் தட்டி, காதை ஒட்டிக் கேட்டு, வெடிக்குழிக்கும் வெடிக்குழிக்கும் இடைவெளியை அடி வைத்து அளந்து, வெடிமருந்து எத்தனை, எந்தக் குழியில் நீர்க்கசிவு என்று எல்லாவற்றையும் மனசுக்குள் போட்டு அரைத்து ஒரு எண் சொல்லுவான். அவ்வளவுதான் வித்தை. பாதி அனுபவம், பாதி குருட்டாம்போக்கு.

"என்றா மசக்காளி, கல்லும் நீயும் கலந்து பேசிக்கிட்டீங்களா?" என்றான் ஜபருல்லா. மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். திரிக்குத் தீ வைக்கையில் இவனுக்குத் துணை. கோட்டைமேட்டுக்காரன். எதையும் சிரிப்பாக்காமல் அவனுக்கு நாக்கு தூங்காது.

"ஏதோ குருட்டு யோகம், பாய்."

"யோகம் இருக்கட்டும். முப்பத்தெட்டாவது குண்டு எங்கெ கெடந்துதுன்னு பாத்தியா? கல்லுக்கு அடியில கல்லு, அதுக்கு அடியில. மூணு தடவை எண்ணிப்போட்டு முப்பத்தேழுன்னுட்டானுங்க. கடைசில சேத்தைத் தோண்டி எடுத்தானுங்க. உன்ற பேச்சைக் காப்பாத்தோணும்னு அது மண்ணுக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மசக்காளியும் சிரித்தான். ஆனால் முதுகுத்தண்டில் ஒரு வேர்வைத் துளி கீழே இறங்குவதும், பாதி வழியில் நின்று, எதையோ யோசிக்கிற மாதிரி நின்று, மறுபடி இறங்குவதும் அவனுக்குத் தனியாகத் தெரிந்தது.

மறுநாள் ஐம்பத்தொன்று என்றான். ஐம்பத்தொன்று. அதற்கு மறுநாள் நாற்பத்துநாலு. பிறகு இருபத்தேழு. ஓவர்சியர் சுந்தரராஜுலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பலகையைப் பார்த்தார். "இப்படித்தான்யா இருக்கணும். இன்னிக்கு ஒரு ஆள்கூடச் சும்மா குந்தல" என்றார். பலகையில் எழுதின எண்ணை அழிக்க வேண்டாம் என்று சொல்லி, கம்பெனித் துரை வந்தபோது அதைக் காட்டவும் செய்தார்.

மசக்காளி யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவன் சுத்தியலால் தட்டுவதை நிறுத்தி நாலு நாள் ஆகிவிட்டது. அடி வைத்து அளப்பதும் இல்லை. சும்மா ஒப்புக்குச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நடந்தான். பாறை முன்னால் போய் நின்றதுமே கோடுகள் தெரிந்தன. முதல் நாள் தண்ணீர் ஊற்றினார்களோ இல்லையோ, காய்ந்து சுட்டுக் கிடக்கிற வெள்ளைப் பாறையில், உச்சி வெயிலில், அப்போதுதான் யாரோ ஈர விரலால் இழுத்துவிட்டுப் போன மாதிரி கறுத்த கோடுகள், ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, பின்னி, பாறையைத் துண்டு துண்டாகப் பங்கு போட்டு நின்றன. அவன் எண்ணக்கூட வேண்டியதில்லை. பார்த்ததும் எண் நெஞ்சில் வந்து விழும், கிணற்றில் கல் விழுகிற மாதிரி. அதற்கு அடியாழத்தில் ஒரு சத்தமும் உண்டு. சதசதவென்று. ஈரத்தில் எதுவோ இடம் மாறி உட்காருகிற சத்தம்.

அப்புறம்தான் குடம்.

குழிக்குக் கீழ்ப்புறம், பள்ளத்தைத் தாண்டி, கூலி ஆட்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் கடைசி வீடு அவனுடையது. அவனும் பூவாத்தாளும் மட்டும்தான். அவளும் குழியில்தான் வேலை, கூடை சுமக்கிற பெண்களோடு. ஒரு நாள் பொழுது சாயும் நேரம், அவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் ஏறினாள். மண்குடம். வெளிப்புறம் வேர்த்து ஈரமாக இருந்ததால் அவன் முதலில் ஒன்றும் நினைக்கவில்லை. அவள் குடத்தை இறக்கி முந்தானையால் துடைத்தாள். ஈரம் போயிற்று. கோடு போகவில்லை. கழுத்திலிருந்து இறங்கி வயிற்றைச் சுற்றி ஓடி அடியில் போய்ச் சேர்ந்தது. ஏழு, என்று நெஞ்சில் விழுந்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் சொன்னாள். "குடம் போச்சுங்க. கெணத்துப் படியில யாரூட்டு மாடோ முட்டிப்போட்டுது."

அவன் எழுந்து கிணற்றடிக்குப் போனான். படியோரம் ஓடுகள் கிடந்தன. குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஏழு.

"என்னத்தைப் பொறுக்கறீங்க?" பின்னாலேயே வந்திருந்தாள். "ஒட்டவெச்சுக் குடுக்கப் போறீங்களா? கல்லை ஒடைக்கற ஆளு எப்பயிருந்து குடம் ஒட்ட ஆரம்பிச்சீங்க?"

குடத்துக்கு வெடி வைக்கவில்லை யாரும். அவன் வாய் திறந்து எண் சொல்லவும் இல்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

அன்றையிலிருந்து அவன் பொருள்களைப் பார்க்காமல் இருக்கப் பழகினான். கண்ணைத் தரையில் ஊன்றி நடந்தான். தரையிலும் கோடு இருந்தது. கல் வண்டி இழுக்கிற காளை ஒன்றின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, சாம்பல் நிறத் தோலின் மேல் மூன்று கோடு பார்த்தான். வண்டிக்காரனிடம் போய், "அந்த மாட்டை இன்னிக்கு விட்டுப்போடு" என்று சொன்னான். "எதுக்குங்க மேஸ்திரி? நல்லாத்தான தீனி திங்குது" என்றான் அவன். இரண்டாம் நாள், ஏற்றத்தில் வண்டி பின்னால் சரிந்து, மாடு அடியில் மாட்டிக்கொண்டது. அதன் கத்தல் குழியின் நாலு சுவரிலும் மோதி மோதித் திரும்பி வந்தது, ஒரு மாடு கத்துகிற மாதிரி இல்லை, பாறைக்குள்ளிருந்து ஒரு மந்தை கத்துகிற மாதிரி. மசக்காளி கிட்டே போகவில்லை. போகாமலே தெரியும். கோடு ஓடின மூன்று இடம்.

சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் இமையின் உள்பக்கத்திலும் அது ஓடியது. "உங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சு, பொன்னூத்தம்மன் கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வந்தர்லாம்" என்று பூவாத்தாள் சொன்னபோது, அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றான். ஒரு வாரமாகவே அவள் முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அது நடந்தது. மலைக்கணவாயிலிருந்து வழக்கமாக வீசுகிற காற்று அன்றைக்கு இல்லை. புகை நேராக எழுந்து நின்றது. பூவாத்தாள் வாசலில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தான். அவள் திரும்பினாள். முகமெல்லாம் தண்ணீர். நெற்றியிலிருந்து, மூக்கின் ஓரமாக, கழுத்துக் குழிக்குள், தோளுக்கு. அவள் முந்தானையை எடுத்துத் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள்.

காய்ந்தது. கோடு காயவில்லை.

நெற்றியின் நடுவில் தொடங்கி இடது புருவத்தை இரண்டாக வெட்டி இறங்கியது ஒன்று. உதட்டோரத்திலிருந்து காது வரை ஒன்று. கழுத்தைச் சுற்றி, கயிறு கட்டின மாதிரி. தோளிலிருந்து கை நெடுக, விரல் விரலாகக் கிளைத்து. அவன் கண்ணை இறுக்கி மூடினான். மூடுவதற்குள் எண் விழுந்துவிட்டது.

இருபத்துமூன்று.

"என்னுங்க? பேயைப் பாத்தாப்பல பாக்கறீங்க."

"நீ இன்னிக்கு வேலைக்கு வர வேண்டாம்."

"ஏனுங்க?"

"பொம்பளை ஆளுகளுக்கு இன்னிக்கு வேலை இல்லையாமா. ஓவர்சியர் சொல்லிப்போட்டாரு."

"நேத்துப் பொழுதோட ரங்கம்மா அக்காகிட்ட வெசயா வரோணும்னு அவருதான சொன்னாரு?"

"மாத்திச் சொல்லிப்போட்டாரு."

"எப்பங்க? ராத்திரி கனாவுல வந்து சொன்னாரா?" அவள் சிரித்தாள். சிரிக்கையில் உதட்டோரக் கோடு நீண்டது. அவன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

"புள்ள, நான் சொல்றேன்ல. ஊட்டுக்குள்ளயே இரு. வெளிய எங்கயும் போகாத. கெணத்துக்கும் போகாத. பொழுதோட நான் வந்தர்றேன்."

அவன் குரலில் இருந்தது அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்தினாள். "செரிங்க" என்றாள். "இருந்துக்கறேன். நீங்க மொகத்தை அப்பிடி வெச்சுக்காதீங்க."

அவன் பள்ளத்தில் இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எண் கூடிவிடுமோ என்று இருந்தது.

அன்றைக்குப் பதினாலு வெடிக்குழி. கிழக்கு முகப்பு முழுவதும், நாற்பது அடி நீளத்துக்கு. மருந்து வைத்து, திரியை இறக்கி, களிமண்ணைப் போட்டுக் கட்டையால் கெட்டித்து முடிக்கையில் உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. குழியில் இலை அசைகிற காற்றும் இல்லை. சுண்ணாம்பு வெளுப்பு கண்ணைப் பிடுங்கியது. மருந்தின் வாடை, பழுத்து அழுகின வாழைப்பழம் மாதிரித் தித்திப்பாக, நெற்றிப்பொட்டில் ஏறி இடித்தது. அதைத் தொட்டவனுக்குத் தலைவலி வருவது வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு இடித்தது தலைக்குள்ளே இல்லை. தலைக்கு வெளியே, யாரோ சின்னச் சுத்தியலால் அவனைத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

"எத்தனை?" என்றார் சுந்தரராஜுலு, சாக்கட்டியோடு.

அறுபத்திரண்டு. அது முன்பே விழுந்து கிடந்தது. அவன் வாயைத் திறந்தான். ஒரு யோசனை வந்தது. பொய் சொல்லிப் பார்த்தால் என்ன? ஒரே ஒரு தடவை இது தப்பிப்போனால், மற்றதும் தப்பிப்போகும் அல்லவா?

"நாப்பதுங்க."

"நாப்பதா? பதினாலு குழிக்கு?"

"நாப்பதுதானுங்க."

கொம்பு ஊதினார்கள். ஆட்கள் எல்லாம் மேட்டுக்கு ஏறினார்கள். வண்டித்தடத்திலும் பள்ளத்து ஒத்தையடித் தடத்திலும் சிவப்புக் கொடி பிடித்தவர்கள் போய் நின்றார்கள். மசக்காளி ஒரு முனையிலிருந்தும் ஜபருல்லா மறு முனையிலிருந்தும் தீ வைத்துக்கொண்டே வந்து, நடுவில் சந்தித்து, மேட்டுக்கு ஓடினார்கள். பதுங்குகிற இடத்தில் குப்புறப் படுத்து, மண்ணில் நெற்றியை வைத்து, எண்ணினார்கள். எண்ணுவதுதான் அந்தத் தொழிலில் பாதி உயிர். வைத்தது எத்தனை, வெடித்தது எத்தனை.

ஒன்று. இரண்டு. மூன்று. வயிற்றுக்கு அடியில் பூமி உதைத்தது. ஏழு, எட்டு. நடுவில் ஒன்று கனமாக, இழுத்து வெடித்தது. பன்னிரண்டு. பதிமூன்று.

அப்புறம் தூசி இறங்குகிற சத்தம் மட்டும்.

"பதினாலு" என்றான் ஜபருல்லா, எழுந்து தட்டிக்கொண்டு.

"பதிமூணு, பாய்."

"நடுவுல ஒண்ணு ரெட்டையா விழுந்துதப்பா. ஒம்பதும் பத்தும் சேந்து. காது இல்லையா உனக்கு?"

அப்படி நடப்பதுண்டு. இரண்டு திரி ஒரே சமயத்தில் எரிந்து முடிந்தால் இரண்டும் ஒரே சத்தமாகப் போகும். பாதி நேரம் அதுதான் உண்மையாகவும் இருக்கும். அந்த நம்பிக்கையில் இறங்கிப் போனவர்களில் சிலரை மேட்டூரில் சாக்கில் அள்ளி எடுத்துக்கொண்டு வந்ததை மசக்காளி பார்த்திருக்கிறான். ஈரம் பட்ட திரி அணையாது. உள்ளுக்குள்ளே புகைந்துகொண்டே கிடக்கும், நாழிகைக் கணக்காக.

"ஒருத்தரும் எறங்கக் கூடாது" என்றான். "நான் சொல்ற வரைக்கும்."

சுந்தரராஜுலு முணுமுணுத்தார். மிஷின் காலி வாயோடு நிற்கிறது என்றார். ஆனால் வெடிமேஸ்திரி சொன்ன பிறகு இறக்குகிற தைரியம் அவருக்கு இல்லை. "செரி, சோத்தை முடிங்க எல்லாரும். அப்புறம் பாக்கலாம்" என்றார். வேலை ஆட்கள் ஒருத்தர் விடாமல் மேட்டில்தான் இருக்கிறார்கள் என்பதால் கொடிக்காரர்களும் கொடியைச் சுருட்டிக்கொண்டு சாப்பிட வந்துவிட்டார்கள்.

மசக்காளி மேட்டு விளிம்பில் உட்கார்ந்து கீழே பார்த்தான். குண்டுகளை எண்ணினான். நாற்பதைத் தாண்டிப் போனது. ஐம்பது. அறுபது. அவன் சொன்ன பொய்யைக் கல் சட்டையே செய்யவில்லை. அறுபத்தொன்று வரை எண்ணினான். சுற்றி வந்து மறுபடி எண்ணினான். அறுபத்தொன்று. இன்னொன்று எங்கே என்று தேடினபோது, முகப்பின் உடையாத தெற்கு முனையில், முழுசாக, ஒரு ஆள் உயரத்துக்கு நின்றிருந்தது அது. பதினாலாவது குழி இருந்த பாறை. அதன் மேல் கோடு இன்னும் ஈரமாக.

அறுபத்திரண்டாவது இன்னும் வரவில்லை. வரும்.

ஒரு விதத்தில் அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆட்கள் எல்லாம் மேலே. வெடிக்கிறபோது வெடித்துக்கொள்ளட்டும். பூவாத்தாள் வீட்டுக்குள் இருக்கிறாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சோறு பிசைகிற சத்தமும், ரங்கம்மாள் யாரையோ வைகிற சத்தமும் கேட்டன.

ஜபருல்லா தன் பாத்திரத்தைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பூவாத்தா எங்க, காங்கல? ஒடம்புக்கு ஏதாச்சுமா?"

"ஊட்டுல இருக்கறா."

"அப்ப உன்ற சோறு?"

மசக்காளி அவனைப் பார்த்தான்.

"தூக்குப்போசி எங்கப்பா? தெனமும் அவதான ரெண்டு பேருதையும் கூடையில வெச்சுக் கொண்டாருவா. நீ வெறுங்கையோட வந்தியாக்கும்?"

காதுக்குள் சதசதவென்றது. மெதுவாக, மிக மெதுவாக, தலையைத் திருப்பிப் பள்ளத்துப் பக்கம் பார்த்தான்.

தடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி அசைந்தது. கொடி இல்லை. சேலை.

வெடிச்சத்தம் கேட்டு அடங்கிவிட்டது. இனிப் பயமில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் சோறில்லாமல் கிடப்பார் என்றும் தெரியும். சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் கால் மைல். குழிக்குள் குறுக்கே நடந்தால் நாலு எட்டு. குழியில் ஆள் நடமாட்டம் இல்லை. வெயிலில் வெள்ளையாக, அமைதியாக, காலியாகக் கிடந்தது. தூக்குப்போசியைக் கையில் ஆட்டிக்கொண்டு அவள் இறங்கினாள்.

அவன் எழுந்தான். கத்த வாய் எடுத்தான். கத்தினால் நிற்பாள். நின்று, என்னுங்க என்பாள். நிற்கிற இடம் அதுவாக இருந்தால்? கையைப் போ போ என்று ஆட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வா என்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். கையை ஆட்டினாள். நடையைக் கூட்டினாள்.

அவன் ஓடினான். சரிவில் விழுந்தான். எழுந்தான். பின்னால் ஜபருல்லா கத்துவது கேட்டது. "ஏம்மா, அக்கட்ட போ. அக்கட்ட போம்மா." குழியின் சுவர்கள் அதை வாங்கித் திருப்பின. போம்மா. வாம்மா. எதுவென்று தெரியவில்லை.

அவள் நின்றாள்.

தெற்கு முனை. ஆள் உயரப் பாறை. அதன் நிழலில். வெயிலுக்கு ஒதுங்கி. போசியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்து என்னமோ சொன்னாள்.

பாறையின் கோடு. அவள் மேல் கோடு. ஒன்றில் ஒன்று போய்ச் சேர்ந்தது.

வெடித்தது.

பிறகு வெள்ளை. வெறும் வெள்ளை. வாயில், மூக்கில், கண்ணில். அவன் நாலு காலில் ஊர்ந்தான். எங்கேயோ கல் விழுந்துகொண்டிருந்தது. எங்கேயோ ரங்கம்மாள் அலறினாள். பிறகு அலறல் நின்றது. அது ஏன் நின்றது என்று நினைக்கையில் தூசி கொஞ்சம் விலகியது.

பூவாத்தாள் நின்றுகொண்டிருந்தாள்.

நின்ற இடத்திலேயே. பாறை சுக்கல் சுக்கலாகி அவளைச் சுற்றி விழுந்து கிடந்தது. அவள் மேல் ஒரு சில்லுக்கூடப் படவில்லை. தலையிலிருந்து கால் வரை வெள்ளையாக, மாவு பூசின மாதிரி. போசி நசுங்கி எங்கேயோ போய்விட்டது. அவள் கண்ணைச் சிமிட்டினாள். இருமினாள்.

"ஆத்தா மகராசி" என்று ரங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பெண்கள் வந்தார்கள். சுந்தரராஜுலு பாதிச் சரிவில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஜபருல்லா சிரித்தான், அழுதான். "ஒரு கீறல் இல்லப்பா. மசக்காளி, ஒரு கீறல் இல்ல."

மசக்காளி அவளுக்கு எதிரே நின்றான்.

மருந்து நன்றாகப் பிடித்த பாறை சில சமயம் உடனே விழாது. உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். வெளியே முழுசாக நிற்கும். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. துண்டுகள் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி. யாராவது விரலால் தொடும் வரைக்கும்.

அவள் நெற்றிக் கோடு இப்போது கோடு இல்லை. சந்து. அதற்குள் இருட்டு. கழுத்தைச் சுற்றியும். உதட்டோரத்திலிருந்து காது வரைக்கும். மூச்சு விடும்போது எல்லாச் சந்தும் ஒரு நூல் திறந்து, ஒரு நூல் மூடியது.

"ஏனுங்க" என்றாள். குரல் இரண்டு இடத்திலிருந்து வந்தது. "எதுக்குங்க இப்பிடிப் பாக்கறீங்க?"

ரங்கம்மாள் அவளைத் தொடக் கை நீட்டினாள்.

அவன் பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்தான். இரண்டு கையையும் சுற்றிப் போட்டு, விரலோடு விரல் கோத்து, இறுக்கி. தாடையால் அவள் உச்சியை அழுத்தி. முழங்காலால் அவள் முழங்காலை அணைத்து. உள்ளே எதுவோ சதசதவென்று இடம் தேடி உட்கார்ந்தது.

"விடுங்கண்ணா. புள்ளைக்கு மூச்சு முட்டுது" என்றாள் ரங்கம்மாள்.

"விடமாட்டேன்."

"மசக்காளி, கையை எடுப்பா. அவளுக்கு ஒண்ணும் இல்ல. பாரு, ஒண்ணும் இல்ல."

"தொடாதீங்க."

ஆட்கள் இழுத்தார்கள். அவன் இறுக்கினான். அவள் கழுத்திலிருந்து நைசான வெள்ளைத் தூள், சூடாக, நிற்காமல், அவன் மணிக்கட்டு வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. ஜபருல்லா அவன் கோத்த விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான். சுண்டுவிரல். அதற்கு அடுத்த விரல். அவன் மார்பில் சாய்ந்திருந்த அவள் முகத்தின் இடது பாதி, மெல்ல, ஒரு நூல் அளவு, கீழே நழுவியது.

மூன்றாவது விரலையும் பிரித்துவிட்டார்கள்.